இதிலிருந்தோ அல்லது வேறு விதமாகவோ

ஊரிலிருந்து உதவி கேட்டு வரும் கடிதங்கள் பெரும்பாலும் கோயில் திருப்பணி, பழைய மாணவர் சங்கக் கட்டடம், யாராவது ஒருவரின் சத்திரசிகிச்சை என்றுதான் இருக்கும். வடக்கில் ஒரு பொறியியற் பீடத்தில் முதலாம் ஆண்டுக்குக் கணிதம் படிப்பிக்கிற இளம் விரிவுரையாளர் எங்களுக்கு எழுதியது வேறு மாதிரியானது. முப்பது மாணவர்கள் பின்னேரங்களில் கூடிப் படிக்கிறார்கள். அவர்களுக்கு ஒரே புத்தகத்தில் முப்பது பிரதிகள் வேண்டும். எந்தப் புத்தகம் என்பதை நீங்களே தெரிவு செய்யுங்கள், அண்ணாமார் அக்காமாருக்குத் தெரியாததா என்று முடித்திருந்தார். காசு சேர்க்க எங்களுக்கு இரண்டு கிழமை போதுமாயிருந்தது. புத்தகத்தைத் தெரிவு செய்ய நான்கு மாதம் போனது.

நாங்கள் நால்வர். வடமேற்கு லண்டனில் ஒரே பஸ் பாதையில் இருக்கிறவர்கள். மூத்தவர் எழுபதுகளின் தொடக்கத்தில் பேராதனையில் சிவில் எஞ்சினியரிங் படித்தவர். தரப்படுத்தல் 1971இல் வந்து, பொறியியலுக்குள் நுழையத் தமிழ் மொழிமூல மாணவர் சிங்கள மொழிமூல மாணவரைவிடக் கூடுதல் புள்ளி எடுக்கவேண்டியிருந்த காலம் அது. இரண்டாமவர் எண்பதுகளின் கடைசியில் அகதியாக இங்கே வந்து, இரவில் பெற்றோல் ஸ்ரேசனில் நின்று, பகலில் ஒரு பொலிடெக்னிக்கில் படித்தவர். மூன்றாமவர் ஜேர்மனியில் பாஷை பழகி, அங்கேயே தொழில்நுட்ப உயர்கல்லூரியில் படித்து, பிறகு பிள்ளைகளின் ஆங்கிலத்துக்காக லண்டனுக்குக் குடிபெயர்ந்தவர். நாலாமவர் அக்கா. 1993இல் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக்குள், மண்ணெண்ணெய் சொட்டுக் கணக்கில் ஊற்றிய குப்பி விளக்கில் உயர்தரம் படித்தவர். இன்று இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியை. நான்கு பேர் என்றால் நான்கு புத்தகம் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது.

பேராதனை அண்ணைக்குச் சந்தேகமே இருக்கவில்லை. கிரெய்சிக். 'உயர்தரப் பொறியியற் கணிதம்' என்று தமிழில் சொல்லலாம். ஏர்வின் கிரெய்சிக் ஜேர்மனியில் 1922இல் பிறந்து, கடைசியில் கனடாவின் ஒட்டாவாவில் கார்ல்ட்டன் பல்கலைக்கழகத்தில் படிப்பித்து, 2008இல் இறந்தவர். அவருடைய புத்தகம் முதலில் 1962இல் வந்தது. பத்தாம் பதிப்பு அவர் இறந்தபிறகு, 2011இல். ஆயிரத்து இருநூறு பக்கத்துக்கு மேல். வகையீட்டுச் சமன்பாடு, தாயங்கள், காவி நுண்கணிதம், ஃபூரியே, சிக்கலெண் சார்புகள், எண்சார் முறைகள், நிகழ்தகவு என்று ஒரு எஞ்சினியருக்குத் தேவையானது எல்லாம் ஒரே அட்டைக்குள் இருக்கும். உலகத்தில் எந்த மூலையிலிருக்கும் பொறியியற் பீடத்துக்குப் போனாலும் இந்தப் பெயரைச் சொன்னால் விளங்கும். "பெடியங்களுக்கு ஒரு புத்தகம் குடுக்கிறதெண்டால் வாழ்நாள் முழுக்க அலுமாரியில வைச்சிருக்கிற புத்தகமாக் குடுக்கவேணும்" என்பது அண்ணையின் வாதம். பேராதனை நூலகத்தில் அதை வெளியே எடுத்துப்போக விடமாட்டார்களாம். மேசையிலிருந்தே படித்து, பக்கம் பக்கமாகக் கையால் எழுதி எடுத்திருக்கிறார். அந்தக் கொப்பி 1983 யூலையில் கொழும்பு வீட்டோடு போய்விட்டது. அண்ணை இதைச் சொல்லும்போது யாரும் எதிர்வாதம் வைப்பதில்லை.

வைத்தவர் பெற்றோல் ஸ்ரேசன்காரர். அவருடைய புத்தகம் ஸ்ரவுட். கே. ஏ. ஸ்ரவுட் கொவென்ற்றியில், அப்போது லான்செஸ்ற்றர் பொலிடெக்னிக் என்றிருந்த இடத்தில் படிப்பித்தவர். அவருடைய 'பொறியியற் கணிதம்' 1970இல் வந்தது. இதை அறியாதவர்களுக்குச் சொல்லவேண்டும்: அது மற்றப் புத்தகங்களைப்போல அத்தியாயம், தேற்றம், நிறுவல், பயிற்சி என்று போகாது. ஒவ்வொரு பாடமும் இலக்கமிட்ட சிறு சிறு கட்டங்களாக வெட்டப்பட்டிருக்கும். ஒரு கட்டத்தில் ஒரேயொரு விஷயம் சொல்லி, கடைசியில் ஒரு சிறு கேள்வி கேட்டு நிற்கும். விடை அடுத்த கட்டத்தின் தலையில் இருக்கும். சரியென்றால் மேலே போகலாம். பிழையென்றால் எங்கே வழுக்கியிருப்பீர் என்று அதே கட்டம் சொல்லும். ஐம்பதுகளில் அமெரிக்காவில் ஸ்கின்னர் என்ற உளவியலாளர் 'கற்பிக்கும் இயந்திரம்' என்று ஒன்றைக் கொண்டு திரிந்தார் அல்லவா, அந்தச் சிந்தனையை இயந்திரமில்லாமல் கடதாசியில் செய்தது.

நள்ளிரவுக்குப் பிறகு ஸ்ரேசனின் கதவைப் பூட்டிவிட்டு, கண்ணாடிக்குப் பின்னால் இருந்து இழுப்பறை வழியாகத்தான் காசு வாங்குவார்கள். ஒரு கார் போய் அடுத்த கார் வர நாலு நிமிடமும் ஆகும், நாற்பது நிமிடமும் ஆகும். அந்த இடைவெளிக்குள் முடிகிற கணிதப் புத்தகம் உலகத்தில் அது ஒன்றுதான் என்று எங்கள் ஆள் அடித்துச் சொல்கிறார். சிகரெட் கேட்டு ஒருவன் கண்ணாடியில் தட்டுவான். எழும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தால், விட்ட இடம் இலக்கத்தோடு அப்படியே இருக்கும். "கிரெய்சிக்கில ஒரு நிறுவலுக்க நடுவில எழும்பினால் திரும்பவும் முதலிலயிருந்து தொடங்கவேணும் அண்ணை. என்னட்டை அவ்வளவு இரவு இருக்கயில்லை."

"அது சின்னப்பிள்ளையளுக்குச் சோறு ஊட்டுற மாதிரி" என்றார் அண்ணை.

"பசியிருக்கிறவனுக்கு ஊட்டினால் என்ன, இலையில போட்டால் என்ன?"

இந்தச் சண்டை எங்களோடு தொடங்கியதல்ல. ஜோன் பெரி என்ற எஞ்சினியர் 1897இலேயே எஞ்சினியர்களுக்கென்று தனியாக ஒரு நுண்கணிதப் புத்தகம் எழுதினார். எழுபதுகளின் கடைசிக்குள் தோக்கியோவில் போய்ப் படிப்பித்துத் திரும்பியவர் (1870களைச் சொல்கிறோம்). 1901இல் கிளாஸ்கோவில் நடந்த பிரித்தானிய விஞ்ஞானச் சங்கக் கூட்டத்தில், கணிதவியலாளர்கள் எல்லாப் பிள்ளைகளையும் தங்களைப்போல ஆகப்போகிறவர்கள் என்று நினைத்துப் படிப்பிக்கிறார்கள் என்ற தன் முறைப்பாட்டை வைத்தார். கட்டம்போட்ட கடதாசியில் வரைந்து படிப்பதை வகுப்பறைக்குள் கொண்டுவரப் பாடுபட்டவரும் அவர்தான். அவர் படிப்பித்த லண்டன் ஃபின்ஸ்பெரி தொழில்நுட்பக் கல்லூரியில் அதிபராக இருந்தவர் சில்வானஸ் தொம்சன். 1910இல் 'இலகுவாக்கப்பட்ட நுண்கணிதம்' என்ற பிரபலமான சின்னப் புத்தகத்தைத் தன் பெயரைப் போடாமல் வெளியிட்டவர். பெயர் போடாமைக்குக் காரணம் அடக்கமா பயமா என்று நாங்கள் யோசித்ததுண்டு. மற்றக் கணிதப் பேராசிரியர்களை அந்தளவுக்குக் கேலி செய்திருக்கிறார். அந்தக் கல்லூரியின் மாலை வகுப்புகளுக்கு வந்தவர்கள் பகலில் பட்டறையில் நின்ற ஆட்கள். நூறு வருடத்துக்குப் பிறகு எங்கள் ஆள் பகலையும் இரவையும் மாற்றிப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

ஜேர்மனிக்காரர் பப்பூலாவைக் கொண்டுவந்தார். லோதார் பப்பூலா வீஸ்பாடனில் படிப்பித்தவர். மூன்று பாகம். கோட்டை விட்டுக் கோடு தாண்டாமல், ஒவ்வொரு உதாரணத்தையும் கடைசி வரி வரைக்கும் போட்டுக் காட்டுகிற பொறுமை. அருமையான புத்தகம், ஆனால் ஜேர்மன் மொழியில் இருக்கிறதே என்று கேட்டோம். "நான் பப்பூலாவை அனுப்பச் சொல்லயில்லை. பப்பூலா மாதிரி ஒண்டை அனுப்பச் சொல்லுறன்" என்றார். அது பிரயோசனமில்லாத பதிலாகத் தோன்றினாலும் பிறகு யோசிக்க வைத்தது. பாதிப் பாஷையோடு ஒரு புத்தகத்துக்குள் போகிறவனுக்கு உதாரணம்தான் மொழிபெயர்ப்பாளர். வசனம் விளங்காவிட்டாலும் அடுத்த வரியில் என்ன நடந்தது என்று கண்ணால் பார்த்து, அதிலிருந்து வசனத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளலாம். அவர் ஜேர்மன் மொழி படித்ததே அப்படித்தானாம்.

இந்தியப் புத்தகங்களில் கிரேவால் பற்றியும் பேசினோம். டில்லியில் 1965இலிருந்து வருகிறது, விலை மிகக் குறைவு, கணக்குகளுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் பின்னால் எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்த ஆண்டு பரீட்சைக்கு வந்தது என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கும். பரீட்சைக்கு முதல் நாள் இதைவிட நல்ல புத்தகம் இல்லை. மற்ற நாட்களைப் பற்றித்தான் எங்களுக்குச் சந்தேகம். அதை அங்கேயே வாங்கலாம் என்பதால் விட்டுவிட்டோம். மொஸ்கோவின் மீர் பதிப்பகத்துப் பிஸ்குனோவைப் பற்றி அண்ணை கொஞ்சநேரம் பெருமூச்சு விட்டார். சோவியத் ஒன்றியம் 1991இல் போனதோடு, பாண் வாங்குகிற காசுக்குக் கெட்டி அட்டைக் கணிதப் புத்தகம் வாங்கிய காலமும் போனது.

ஒரு சனிக்கிழமை அண்ணை இராமானுஜனை இறக்கினார். எங்கள் விவாதங்களில் எப்போதாவது இராமானுஜன் வராமல் போகமாட்டார். கும்பகோணத்தில் அவருக்குக் கிடைத்தது லோனியின் முக்கோணகணிதமும், கார் என்ற லண்டன் ரியூசன் மாஸ்ரர் தொகுத்த சூத்திரப் புத்தகமும்தான். அந்தக் காரின் புத்தகத்தில் விளக்கம் என்று ஒன்றும் பெரிதாக இல்லை, ஆயிரக்கணக்கில் முடிவுகள் மாத்திரம். "அதிலயிருந்தே அவர் வந்தார். புத்தகம் கடினமெண்டு யாரும் அழிஞ்சு போறதில்லை."

அக்கா அதுவரை அதிகம் பேசவில்லை. "அண்ணை, அதே இராமானுஜன் கும்பகோணத்திலயும் சென்னையிலயும் கல்லூரிப் பரீட்சையில ஃபெயில் விட்டவர். கார்டியையும் கேம்பிரிட்ஜையும் நாங்கள் பெட்டிக்குள்ள வைச்சு அனுப்ப ஏலாது. முப்பது பேரில ஒரு இராமானுஜன் இருந்தால் அவனுக்கு எங்கட புத்தகம் தேவையில்லை. மற்ற இருபத்தொன்பது பேருக்குத்தான் வாங்குறம்."

பிறகு அவர் சொன்னதுதான் இந்த நான்கு மாதத்தில் நாங்கள் கேட்ட மிக முக்கியமான விஷயம். எங்கள் பிள்ளைகளுக்குக் கணிதம் செய்யத் தெரியும். இணைந்த கணிதத்தில் உயர்தரம் சித்தியெய்திப் பொறியியலுக்குள் போகிற பிள்ளை, இங்கே லண்டனில் அதே வயதில் இருக்கிற பிள்ளையைவிட வகையீடும் தொகையீடும் வேகமாகச் செய்யும். ஆனால் அவர்களுக்குக் கணிதத்தை வாசித்துப் பழக்கமில்லை. யாழ்ப்பாணத்தில் யார் கணிதப் புத்தகம் வாசித்தது? ரியூட்டரியில் மாஸ்ரர் கரும்பலகையில் எழுதுவார், நாங்கள் கொப்பியில் எழுதுவோம், பிறகு கடந்தகால வினாத்தாள். தடைக் காலத்தில் கடதாசியே கிடையாதபோது ஒரு மாஸ்ரரின் நோட்ஸ் பத்து வீட்டுக்குப் போய்வரும். அந்த முறை தோற்ற முறை அல்ல, எத்தனையோ எஞ்சினியர்களை உண்டாக்கிய முறை. ஆனால் மாஸ்ரர் இல்லாத அறையில், ஒரு புத்தகத்தோடு தனியே இருந்து, வேறு மொழியில் ஒரு பக்கத்தை வாசித்து, தனக்கு விளங்கியதா இல்லையா என்று தானே தீர்ப்புச் சொல்லுகிற வேலை அதற்குள் இல்லை. பல்கலைக்கழகம் முதல் நாளே அதைத்தான் கேட்கிறது. அதுவும் ஆங்கிலத்தில்.

நாங்கள் விரிவுரையாளருக்கு எழுதிக் கேட்டோம்: பிள்ளைகள் சரியாக எந்த இடத்தில் நிற்கிறார்கள்?

அவர் ஒரு கிழமை கழித்து எழுதினார். முதலாவது செய்தி: முப்பது பேரின் கைத்தொலைபேசியிலும் கிரெய்சிக் ஏற்கெனவே இருக்கிறது, மூத்த மாணவர்கள் கொடுத்தது. இருபதாம் பக்கத்தைத் தாண்டியவர் யாரும் இல்லை. இரண்டாவது செய்தி: விடுகிற பிழைகளை அவர் எண்ணிப் பார்த்திருக்கிறார். தொகையீட்டில் விடுகிற பிழை குறைவு. கேள்வியின் வசனத்தில் விடுகிற பிழை அதிகம். 'ஹென்ஸ்' என்று ஒரு சொல். உயர்தர வினாத்தாளில் 'இதிலிருந்து' என்று வரும்போது, மேலே நிறுவியதைப் பயன்படுத்தவேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கு நித்திரையிலும் தெரியும். 'இதிலிருந்தோ அல்லது வேறு விதமாகவோ' என்று வந்தால், வேறு வழி திறந்திருக்கிறது, ஆனால் இந்த வழி சுருக்கம் என்று சிரித்துக்கொள்ளும். அதையே 'ஹென்ஸ் ஓர் அதர்வைஸ்' என்று கண்டால் பேசாமல் கேள்வியைத் திருப்பி முதலிலிருந்து தொடங்கி, அரைமணி நேரத்தைக் கொடுத்து, அரைவாசிப் புள்ளியோடு வருகிறது. 'உய்த்தறிக' தெரிந்த பிள்ளைக்கு 'டிடியூஸ்' தெரியவில்லை. பிறகு அதே பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் கணிதத்தில் பலவீனம் என்று எழுதப்படுகிறது.

அண்ணை அந்த மின்னஞ்சலை இரண்டு தரம் வாசித்தார். பிறகு தன் கதையொன்றைச் சொன்னார், அதை இங்கே எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சொற்களைப் பற்றி ஒரு சின்ன விலகல். தமிழ்நாட்டு நண்பர் ஒருவரிடம் அங்கே தமிழில் கணிதச் சொற்கள் இருக்கின்றனவே, ஒரு பட்டியல் எடுக்கலாமா என்று கேட்டோம். அங்கே அணி என்பது எங்களுக்குத் தாயம். அவர்களின் அணிக்கோவை எங்கள் துணிகோவை. கலப்பெண் எங்களுக்குச் சிக்கலெண். வெக்டருக்கு நாங்கள் காவி என்கிறோம் என்றதும் அவர் சிரித்துவிட்டார். காவி என்றால் அவருக்குச் சாமியாரின் துணி. ஆனால் எங்கள் ஊரில் தண்ணீர் காவுவோம், மூட்டை காவுவோம், பிள்ளையைக் காவிக்கொண்டு ஓடுவோம். லத்தீனில் வெக்டர் என்றால் காவிச் செல்பவன் என்றுதான் பொருள். யாரோ ஒரு கலைச்சொற் குழுவில் இருந்த மனிதர் லத்தீன் மூலத்தையும் கிணற்றடியையும் ஒன்றாக வைத்துப் பார்த்திருக்கிறார். அப்படிச் செய்த சொற்களோடு பதின்மூன்று வருடம் படித்துவிட்டு வருகிற பிள்ளையிடம், அவை எல்லாவற்றையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வா என்கிறோம்.

உதாரணக் கணக்குகளைப் பற்றியும் நிறையப் பேசினோம். கிரெய்சிக்கின் முதல் அத்தியாயத்தில் ஒரு கணக்கு: குளிர்காலத்தில் அலுவலகக் கட்டடத்தின் வெப்பமூட்டியை இரவு 10 மணிக்கு நிறுத்திக் காலை 6 மணிக்குப் போடுகிறார்கள், காலையில் உள்ளே என்ன வெப்பநிலை? இன்னொன்றில் அல்ப்ஸ் மலையில் 1991இல் பனிக்குள் கண்டெடுத்த மனிதனின் வயது. கிளிநொச்சி வெயிலில் இருந்து இதை வாசிக்கிற பிள்ளையை நினைத்தோம். லண்டனில் முதல் குளிர்காலத்தில் வெப்பமூட்டிக்கு மீற்றரில் காசு போட்ட எங்களுக்கு அந்தக் கணக்கு நன்றாகவே விளங்கியது! ஆனால் அதற்கு அடுத்தடுத்தே ஒரு தொட்டிக்குள் உப்புத் தண்ணீர் விடுகிற கணக்கும் இருக்கிறது. தொட்டியில் இவ்வளவு உப்பு, நிமிடத்துக்கு இவ்வளவு கரைசல் உள்ளே வருகிறது, அதேயளவு வெளியே போகிறது, எப்போது எவ்வளவு உப்பு? யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லுக்குக் கீழே நல்ல தண்ணீர் கடல் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு இருக்கிறது. மோட்டர் போட்டு அதிகம் இறைத்தால் கிணறு உவர்க்கும். அந்தத் தொட்டிக் கணக்கு அதன் அச்சொட்டான மாதிரி அல்ல, என்றாலும் அதன் தொடக்கம். அதை ஜேர்மனியில் பிறந்தவர் எழுதியிருக்கலாம், கேள்வி எங்களுடையது. அண்ணை இதை எடுத்துக்காட்டியபோது கிரெய்சிக்கை முற்றாகக் கைவிட எங்களுக்கும் மனம் வரவில்லை.

காசில்லாத வழியொன்றும் இருந்தது. 2002க்கும் 2005க்கும் இடையில் லவ்பரோ பல்கலைக்கழகத்தின் தலைமையில் சில பல்கலைக்கழகங்கள் சேர்ந்து, பொறியியல் மாணவர் கணிதம் கற்க உதவுவதற்கென்று ஐம்பது பயிற்சிநூல்கள் செய்தன. மெல்லிய நூல்கள், ஒன்றில் ஒரு தலைப்பு, எழுதுவதற்கு இடம்விட்டு. அதன் விபரத்தை விரிவுரையாளருக்கு அனுப்பியிருக்கிறோம். வேண்டியதை அங்கேயே அச்செடுக்கலாம்.

கடைசியில் முடிவுக்கு வந்ததற்கு ஒரு வெட்கமான தடையும் இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. காசு தந்தவர்களில் சிலருக்குக் கெட்டி அட்டை வேண்டும், முதற்பக்கத்தில் பெயர் வேண்டும். ஸ்ரவுட் மெல்லிய அட்டை, பெயரும் 'உயர்தர' என்று தொடங்குவதில்லை. கோயில் மணிக்கூட்டுக் கோபுரத்தில் பெயர் பொறிக்கிற பழக்கம் புத்தகத்துக்குள்ளும் வருகிறது. ஒரு அன்பர், யாழ் நூலகம் 1981இல் எரிந்தபோது எரிந்தவை எல்லாம் கெட்டி அட்டைப் புத்தகங்கள் என்றார். தொண்ணூற்றேழாயிரம் புத்தகத்தின் அட்டை அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. பெயர் போடுவதில்லை என்று மாத்திரம் தீர்மானித்தோம்.

முப்பது ஸ்ரவுட். மேசையில் வைக்க இரண்டு கிரெய்சிக், இந்தியப் பதிப்பு. முதலாவதைப் பிள்ளைகள் அறைக்குக் கொண்டுபோகலாம். அதில் தெரிந்த பாடங்களை வேகமாகத் தாண்டுவார்கள், அதில் குறையில்லை. தெரிந்த கணிதத்தை ஆங்கிலத்தில் வாசிக்கும்போதுதான் ஆங்கிலமும் வாசிப்பும் சேர்ந்து வரும் என்று அக்கா எண்ணுகிறார். இரண்டாம் ஆண்டில் மேசைக்கு வருவார்கள் என்று அண்ணை எண்ணுகிறார்.

இவற்றோடு நாங்கள் நால்வரும் எழுதிய பதினொரு பக்கச் சிறு கையேடு ஒன்றும் போகிறது. முதல் நாலு பக்கத்தில் கேள்வி வசனங்கள்: எனக் காட்டுக, இதிலிருந்து, உய்த்தறிக, குறித்து, எனக் கொள்க. அவற்றின் ஆங்கிலம், ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் கணக்கு. மிச்சம் கலைச்சொற்கள், இலங்கை வழக்கு ஒரு நிரலில், தமிழ்நாட்டு வழக்கு அடுத்த நிரலில். காவி நுண்கணிதத்தில் வருகிற 'கேர்ள்' என்ற சொல்லுக்கு மட்டும் எங்களுக்குள் உடன்பாடு வரவில்லை. ஜேர்மனிக்காரர் சுழற்சி என்கிறார், அக்கா சுருள் என்கிறார், அண்ணை வாய்க்காலில் தண்ணீர் சுழிப்பதைக் கையால் சுற்றிக் காட்டிச் சுழிப்பு என்கிறார். ஒன்பதாம் பக்கத்தில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம். பெட்டி சென்ற மாதக் கப்பலில் போயிருக்கிறது.